காசு விஷயம்: மகனின் சுப்பர், வங்கியின் கடன், யாருடைய வீடு?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். அவுஸ்திரேலியாவில் இருக்கிற மகனோ மருமகனோ மச்சானோ தன் ஓய்வுக்காலப் பணமான சுப்பரை வைத்துக் கடன் எடுத்து வீடு வாங்கப் போகிறாராம், அது சரியா பிழையா என்று கொழும்பில் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். தங்க விலையையும் நிலையான வைப்பையும் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனும் மருமகளும் சிட்னியில் இருக்கிறார்கள். இரண்டு பேருடைய சுப்பரையும் சேர்த்தால் 280,000 டொலர் வருமாம். ஏதோ ஒரு ஹோட்டலில் நடந்த இலவசக் கருத்தரங்குக்குப் போய்வந்ததிலிருந்து, அந்தப் பணத்தை இப்போதிருக்கும் நிதியத்திலிருந்து எடுத்துத் தாங்களே ஒரு நிதியம் தொடங்கி, அதன் பேரில் கடனும் எடுத்து, 600,000 டொலருக்கு ஒரு யூனிட் (தொடர்மாடி வீடு) வாங்கி வாடகைக்கு விடப்போவதாகச் சொல்கிறார்கள். என் கணவர், வீடென்றால் கண்ணுக்குத் தெரிகிற சொத்து, விடு என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

கொஞ்சம் பயப்படலாம் ரீச்சர், ஆனால் எதற்குப் பயப்படுவது என்று தெரிந்துகொண்டு பயப்பட வேண்டும். முதலில் இது சட்டவிரோதமான காரியம் இல்லை. அங்கே வேலை கொடுப்பவர் சம்பளத்துக்கு மேலே ஒரு பங்கை ஓய்வுக்காலத்துக்கென்று கட்டியே ஆக வேண்டும், 2025 ஜூலையிலிருந்து அது 12 வீதம். அதைத்தான் சுப்பர் என்கிறார்கள். பொதுவாகப் பெரிய நிதியங்கள்தான் இந்தப் பணத்தை நடத்தும், வேண்டாமென்றால் ஆறு பேர் வரை சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சிறு நிதியத்தை வைத்து நடத்தவும் சட்டம் விடுகிறது. அப்படிப்பட்ட நிதியம் கடன் எடுக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. 2007 இல் அதற்கு ஒரு விதிவிலக்கு வந்தது, 2010 இல் அதை இறுக்கித் திருத்தி எழுதினார்கள், உங்கள் மகன் நுழையப் பார்ப்பது அந்த வாசலால்தான்.

நடைமுறை இப்படி. வாங்குகிற யூனிட் நேரடியாக நிதியத்தின் பெயரில் வராது, அதற்கென்றே அமைத்த ஒரு தனி டிரஸ்ட் அதைப் பிடித்து வைத்திருக்கும். வாடகை நிதியத்துக்குப் போகும், தவணையை நிதியம் கட்டும், கடன் முடிந்ததும் உறுதியும் நிதியத்துக்கு மாறும். தவணை கட்ட முடியாமல் போனால் வங்கி அந்த ஒரு யூனிட்டில் மட்டும்தான் கை வைக்கலாம், நிதியத்தில் இருக்கிற மற்றப் பணத்தைத் தொட முடியாது. கருத்தரங்குக்காரர் "ரிஸ்கே இல்லை" என்று சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் கடன் கொடுக்கிறவர்களும் சட்டம் படித்தவர்கள்தானே, பெரும்பாலும் அங்கத்தவர்களிடம் தனிப்பட்ட பிணைக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தக் கையெழுத்தைப் போட்டபிறகு நிதியத்தின் மிச்சக் காசுக்குத்தான் பாதுகாப்பு, மகன் குடியிருக்கிற வீட்டுக்கு இல்லை. அதனால் மகனிடம் முதலில் கேட்க வேண்டியது, பிணைப் பத்திரம் இருக்கிறதா, அதில் யார் யார் கையெழுத்து என்பதுதான்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். வட்டியையும் வாடகையையும் நான் உத்தேசமாகத்தான் போடுகிறேன், மகன் தன்னுடைய எண்களைப் போட்டுப் பார்க்கட்டும். விலையில் 70 வீதம் கடன், அதாவது 420,000. கையிலிருந்து 180,000. முத்திரைத் தீர்வை, சட்டத்தரணி, நிதியமும் டிரஸ்ட்டும் அமைக்கிற செலவு எல்லாமாக 30,000 என்று வையுங்கள். மிச்சம் 70,000. 7 வீத வட்டியில் 30 வருடக் கடன் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 33,500 தவணை. கிழமைக்கு 560 டொலர் வாடகை வந்தால் வருடத்துக்கு 29,000. அதில் ஏஜென்ட், கட்டடப் பராமரிப்புப் பணம், நகரசபை வரி, காப்புறுதி, சில்லறைத் திருத்தங்கள் என்று 8,500 போய்விடும். ஆக வீட்டாலே வருடத்துக்கு 13,000 பற்றாக்குறை. நிதியத்துக்குக் கணக்காளர், வருடாவருடம் கட்டாய ஓடிட், வரித் திணைக்களக் கட்டணம் என்று இன்னொரு 3,000 சேர்த்தால் துண்டு விழுவது 16,000.

இதை எது நிரப்பும்? இரண்டு பேருக்கும் வரப்போகிற சுப்பர்தான். ஆளுக்கு 90,000 சம்பளம் என்றால் 12 வீதப்படி இரண்டு பேருக்கும் 21,600 வரும், 15 வீத வரி போக 18,360. சமாளிக்கலாம் போலத் தெரிகிறது இல்லையா? வருடக் கடைசியில் 2,360 டொலர் மிஞ்சுகிறது. ஆனால் மருமகள் ஒரு பிள்ளையைப் பெற்று ஒரு வருடம் வீட்டில் இருந்தாலோ, இரண்டில் ஒரு வேலை போனாலோ, வரவு பாதியாகி வருடத்துக்கு ஏழாயிரம் டொலர் அளவில் கையிருப்பைத் தின்னத் தொடங்கும். அதோடு வாடகைக்காரர் போய் ஆறு கிழமை வீடு சும்மா கிடந்தால் இன்னும் மூவாயிரத்துச் சொச்சம். அந்த 70,000 கரைவதற்கு ஒன்றும் பெரிய அனர்த்தம் தேவையில்லை, சாதாரணக் குடும்பத்தில் நடக்கிற நல்ல காரியங்களே போதும்.

வரி மிச்சம் பற்றியும் அந்த ஹோட்டலில் நிறையச் சொல்லியிருப்பார்கள். நிதியத்தின் வருமானத்துக்கு 15 வீதம்தான் வரி, வீட்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் இலாபத்துக்கு 10 வீதம், ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கிய பிறகு அதுவும் பெரும்பாலும் இல்லை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் குறைந்த வரி என்பது இலாபம் வரும்போது நல்லது, நட்டம் வரும்போது அதே குறைந்த வரி காலை வாரும். இந்த யூனிட் முதல் வருடங்களில் நட்டத்தில்தான் ஓடப்போகிறது. மகன் தன் சொந்தப் பெயரில் வாங்கியிருந்தால் நட்டத்தின் ஒவ்வொரு டொலருக்கும் 30 சதம் அளவில் வரி குறையும். நிதியத்துக்குள் வாங்கினால் 15 சதம். இதைச் சொல்லித்தந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பழைய நிதியத்திலிருந்து பணம் முழுவதையும் எடுத்தால் அதோடு சேர்ந்து வந்த ஆயுள் காப்புறுதியும் இயலாமைக் காப்புறுதியும் அறுந்துவிடும். 420,000 டொலர் கடன் எடுக்கிற அதே மாதத்தில் காப்புறுதியைக் கைவிடுவது என்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்தது, பெரிய நிதியத்தில் மோசடியால் பணம் போனால் அரசாங்கம் நட்டஈடு கொடுக்க வழி இருக்கிறது, சொந்த நிதியத்துக்கு அது இல்லை. 2009 இல் ட்ரையோ கெப்பிட்டல் சரிந்தபோது பெரிய நிதியங்களின் வழியாகப் பணம் போட்டிருந்தவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது, சொந்த நிதியம் வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

அரசாங்கம் அமைத்த குழுவுக்கே இதில் நம்பிக்கை இருக்கவில்லை. 2014 இல் டேவிட் மரே தலைமையில் நிதித்துறையை ஆராய்ந்த குழு இந்தக் கடன் முறையையே நிறுத்தச் சொன்னது, அவர் ஒரு பெரிய வங்கியின் முன்னாள் தலைவர். அரசாங்கம் அடுத்த வருடம் அதை ஏற்கவில்லை. ஆனாலும் 2018 முடிவதற்குள் பெரிய வங்கிகள் தாங்களாகவே புதிதாக இந்தக் கடன் கொடுப்பதிலிருந்து விலகிவிட்டன. இப்போது கொடுப்பவர்கள் பெரும்பாலும் சிறிய நிறுவனங்கள், வட்டியும் சாதாரண வீட்டுக் கடனை விடக் கூட.

உங்கள் கணவர் சொல்வதுபோல யூனிட் கண்ணுக்குத் தெரியும்தான். ஆனால் நிதியத்தின் சொத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே கட்டடத்தின் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் 280,000 இதற்குப் போதாது. இதைவிட இரண்டு மடங்கு பணமும், இரண்டு வருடத் தவணையைத் தாங்குகிற கையிருப்பும், ஓய்வுக்குப் பதினைந்து வருடத்துக்கு மேலும் இருந்தால் பேசலாம். கருத்தரங்கு நடத்தியவர் அந்த யூனிட்டையும் அவரே விற்கிறாரா என்று மட்டும் மகனிடம் கேட்கச் சொல்லுங்கள். சொந்த நிதியம் தொடங்கு என்று ஆலோசனை சொல்ல அங்கே நிதிச்சேவை உரிமம் வேண்டும், உரிமம் இருக்கிறதா என்று அசிக் என்கிற கண்காணிப்பு ஆணையத்தின் பதிவேட்டில் காசில்லாமல் பார்க்கலாம்.

கேள்வி: மகளின் நிதியம் பிரிஸ்பேனில் வாங்கிய வீடு இப்போது சும்மா கிடக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க நாங்கள் மூன்று மாதம் போகிறோம். சந்தை வாடகையைக் கொடுத்துவிட்டு அதிலேயே தங்கினால் என்ன? வாடகையும் வருமே.
ஒரு தம்பதி, தெஹிவளை

தங்கக் கூடாது. வாடகை கொடுத்தாலும் கூடாது, ஒரு கிழமைக்கும் கூடாது. நிதியத்தின் வீட்டில் அங்கத்தவரோ அவருடைய உறவினரோ இருக்க முடியாது, பெற்றோர் உறவினர்தானே. அந்தப் பணம் ஓய்வுக்காலத்துக்கு மட்டும்தான், இன்று யாருக்கும் அதில் வசதி கிடைக்கக் கூடாது என்பது சட்டத்தின் அடிப்படை. இதே காரணத்தால் மகள் தான் ஏற்கனவே வைத்திருக்கிற குடியிருப்பு வீட்டை நிதியத்துக்கு விற்கவும் முடியாது. மகளின் வீட்டு ஹோலில் பாய் போட்டுப் படுங்கள், பேரப்பிள்ளைக்கும் அதுதான் பிடிக்கும்.

கேள்வி: பத்தொன்பது வருடம் மெல்பேர்னில் இருந்தேன், இப்போது அம்மாவைப் பார்க்க நிரந்தரமாகக் கொழும்புக்கு வந்துவிட்டேன். வயது 52, இரட்டைக் குடியுரிமை இருக்கிறது. எனக்கு மட்டுமான ஒரு சுப்பர் நிதியம் இருக்கிறது, அதில் கடனோடு ஒரு வீடு. வாடகை தவணைக்குப் போதாததால் மாதாமாதம் இங்கிருந்து கொஞ்சம் பணம் நிதியத்துக்கு அனுப்புகிறேன். கணக்காளருக்கு இன்னும் சொல்லவில்லை. ஏதாவது பிரச்சினை வருமா?
கொட்டாஞ்சேனை வாசகர்

வரும். இந்த இதழில் வந்த கடிதங்களில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். இதழை மூடி வைத்துவிட்டு முதலில் கணக்காளருக்கு எடுங்கள், அப்புறம் மிச்சத்தை வாசிக்கலாம்.

வரிச்சலுகை கிடைக்க வேண்டுமென்றால் அது அவுஸ்திரேலிய நிதியமாக இருக்க வேண்டும். அதற்கான சோதனைகளில் இரண்டு உங்களைக் கடிக்கிறது. முதலாவது, நிதியத்தை நடத்துகிற மூளை வழமையாக அவுஸ்திரேலியாவில் இருக்க வேண்டும், அதாவது எதை வாங்குவது எதை விற்பது என்ற பெரிய தீர்மானங்கள் அங்கேதான் எடுக்கப்பட வேண்டும். தற்காலிகமாக வெளியே இருந்தால் இரண்டு வருடம் வரை பிழையில்லை என்று ஒரு சலுகை உண்டு, பலரும் அதை நம்பி இருந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சலுகை திரும்பிப் போகிற எண்ணத்தோடு வந்தவருக்கு. நீங்கள் நிரந்தரமாக வந்துவிட்டேன் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாவது நீங்கள் அனுப்புகிற காசு. நிதியத்துக்குப் பங்களிப்புச் செய்கிற அங்கத்தவர்களின் பணத்தில் குறைந்தது பாதி அவுஸ்திரேலிய வதிவாளர்களுடையதாக இருக்க வேண்டும். யாரும் பங்களிப்புச் செய்யாவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது. ஒரே அங்கத்தவரான நீங்கள், அங்கே வரிக்கு வதிவாளர் இல்லை என்று ஆகிவிட்ட பிறகு, கொழும்பிலிருந்து ஐந்நூறு டொலர் அனுப்பினாலும் அது வெளிநாட்டில் இருப்பவரின் பங்களிப்பு. நிதியத்துக்கு அனுப்பாமல் தவணையை நேரே வங்கிக்குக் கட்டினாலும் கதை அதேதான், நிதியத்தின் கடனை நீங்கள் அடைப்பதும் பங்களிப்புத்தான்.

இப்போது உங்கள் நிலைமையைப் பாருங்கள். கடன் இருப்பதால் பணம் போட வேண்டும், வெளிநாட்டில் இருப்பதால் பணம் போடக் கூடாது. கடனில்லாத நிதியம் என்றால் பேசாமல் பூட்டி வைத்துவிட்டு வரலாம், உங்களுடையதை அப்படி வைக்க முடியாது. வாங்கித் தந்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும், நீங்கள் எப்போதாவது ஊருக்குத் திரும்புவீர்களா என்று கேட்கவே இல்லை போலிருக்கிறது.

சோதனையில் தவறினால் நிதியம் தகுதி இழக்கலாம். அப்படி நடந்தால் அந்த வருடத்தில் நிதியத்தின் சொத்துப் பெறுமதியில், வரிக்கழிவு எடுக்காமல் நீங்கள் போட்ட பணத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு 45 வீத வரி. இலாபத்துக்கு இல்லை, சொத்துக்கே. கிட்டத்தட்டப் பாதி.

என்ன செய்யலாம்? அடுத்த மாதம் அனுப்ப வைத்திருக்கும் காசை ஆலோசனை கிடைக்கும் வரை அனுப்ப வேண்டாம், நிதியத்தின் கையிருப்பிலிருந்து தவணை போகட்டும். அங்கே வசிக்கிற நம்பிக்கையான ஒருவருக்கு நிலைத்திருக்கும் அற்றோனித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் சட்ட அதிகாரம்) எழுதிக்கொடுத்து உங்களுக்குப் பதிலாக நிதியத்தை நடத்துகிற டிரஸ்டியாகவோ டிரஸ்டி கம்பனியின் இயக்குநராகவோ போடலாம், ஆனால் அவர் உண்மையாகவே தீர்மானம் எடுக்க வேண்டும், கொழும்பிலிருந்து நீங்கள் வட்ஸ்அப்பில் சொல்வதைச் செய்கிறவராக இருந்தால் அது கண்துடைப்பு. அதுவும் முதல் சோதனைக்குத்தான் மருந்து, இரண்டாவதற்கு இல்லை. வாடகையும் கையிருப்பும் தவணையைத் தாங்காது என்றால் வீட்டை விற்றுக் கடனை அடைத்து மிச்சத்தை ஒரு பெரிய நிதியத்துக்கு மாற்றுவதுதான் நேரான வழி. பெரிய நிதியத்தில் இருக்கிற பணத்துக்கு நீங்கள் கொழும்பில் இருந்தால் என்ன, கொட்டகலையில் இருந்தால் என்ன.

பணத்தை முழுதாக எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நாட்டை விட்டுப் போகிறவர்கள் சுப்பரை எடுத்துக்கொள்கிற வசதி தற்காலிக வீசாவில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு. நீங்கள் பிரஜை, 60 வயது வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: மருமகன் அடிலெய்ட்டில் பல் வைத்தியர். வாடகைக்கு இருக்கிற கிளினிக் கட்டடம் விலைக்கு வருகிறது. அதைத் தன் சுப்பர் நிதியத்தால் கடன் எடுத்து வாங்கித் தானே அதில் வாடகைக்கு இருக்கலாம் என்கிறார். நீங்கள் முன்பு சொன்னதன்படி உறவினர் இருக்கக் கூடாதே?
பம்பலப்பிட்டி வாசகர்

குடியிருப்பு வீட்டுக்குத்தான் அந்தத் தடை. முழுக்க முழுக்கத் தொழிலுக்குப் பயன்படும் கட்டடம் என்றால் அங்கத்தவரின் சொந்தத் தொழிலுக்கே வாடகைக்குக் கொடுக்கலாம், அவரிடமிருந்து வாங்கவும் செய்யலாம். இந்தக் கடன் முறை உண்மையிலேயே பொருந்துகிற இடம் என்று நான் நினைப்பது இதுதான், ஏனென்றால் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்த வாடகை இனித் தன் ஓய்வுக்காலத்துக்குப் போகிறது, வாடகைக்காரர் ஓடிவிடுவார் என்ற பயமும் குறைவு. ஆனால் குத்தகை எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை சந்தை விலையில் இருக்க வேண்டும், மாதம் தவறாமல் கட்ட வேண்டும். நம்முடைய நிதியம்தானே, அடுத்த மாதம் சேர்த்துப் போடலாம் என்று விட்டால் ஓடிட்டர் எழுதிவிடுவார்.

கட்டடத்தில் வேலை செய்வதிலும் கவனம். கடன் எடுத்த காசில் பழுது பார்க்கலாம், மேம்படுத்தக் கூடாது. ஒழுகுகிற கூரையைத் திருத்தலாம், மேலே இன்னொரு மாடி எழுப்ப முடியாது. நிதியத்தின் சொந்தக் காசில் மேம்படுத்தலாம், அப்போதும் சொத்து வேறொன்றாக மாறிவிடக் கூடாது. காணி இரண்டு தனி உறுதிகளில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு கடனுக்கு ஒரு சொத்து என்பது விதி. வங்கி வட்டி அதிகம் என்று நீங்கள் இங்கிருந்து காசு கொடுத்து உதவ நினைத்தால் அதற்கும் கட்டுப்பாடு உண்டு. உறவினர் கொடுக்கிற கடனும் வெளியார் கொடுக்கிற மாதிரித்தான் இருக்க வேண்டும், வரித் திணைக்களம் சொல்கிற பாதுகாப்பான எல்லை விலையில் 70 வீதம், ஆகக் கூடியது 15 வருடம், அவர்கள் அறிவிக்கிற வட்டி, மாதாமாதத் தவணை. மாமாவின் அன்புக் கடன் என்று வட்டியில்லாமல் கொடுத்தால் வாடகை வருமானத்துக்கு 15 க்குப் பதில் 45 வீத வரி விழலாம்.

கேள்வி: மெல்பேர்ன் மச்சான் தன் நிதியத்தால் வெள்ளவத்தையில் ஒரு பிளாட் வாங்கப் பார்க்கிறார். கடன் அங்கே எடுப்பாராம், வாடகை இங்கே நான் சேர்ப்பேனாம், ஆடிவேலுக்கு வரும்போது அதில் தங்குவாராம். நடக்குமா?
வெள்ளவத்தை வாசகர்

மூன்றும் சேர்ந்து நடக்காது. வெளிநாட்டில் சொத்து வாங்க நிதியத்துக்குத் தடையில்லை, ஆனால் காலி வீதியில் இருக்கிற பிளாட்டை ஈடாக எடுத்து அவுஸ்திரேலிய நிறுவனம் கடன் கொடுக்கும் என்று நான் நம்பவில்லை. கைக்காசில் வாங்குவதாக இருந்தால், இங்கே 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்கும் வெளிநாட்டுக் கம்பனிக்கும் காணி உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது, சில தொடர்மாடி வீடுகளுக்கு விலக்கு உண்டு. மச்சானிடம் இரட்டைக் குடியுரிமை இருக்கலாம், ஆனால் வாங்குவது அவருடைய டிரஸ்டி கம்பனி என்றால் அது வெளிநாட்டுக் கம்பனி. வருடாவருடம் மெல்பேர்ன் ஓடிட்டருக்குச் சந்தைப் பெறுமதிக்கும் உரிமைக்கும் ஆதாரம் அனுப்ப வேண்டும், அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும். ரூபாயில் வருகிற வாடகை டொலருக்குப் போகும்போது என்ன ஆகும் என்பது 2022 இல் எல்லாரும் பார்த்ததுதான், அமெரிக்க டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ஐத் தொட்டது. ஆடிவேலுக்குத் தங்குவது பற்றித் தெஹிவளைத் தம்பதிக்குச் சொன்ன பதில்தான் அவருக்கும். தங்கத்தான் ஆசை என்றால் சுப்பரை விட்டுவிட்டுச் சொந்தக் காசில் வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இவர்கள் எல்லாம் செய்கிறார்களே, நம்முடைய ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தைக் காட்டிக் கடன் எடுத்து ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட முடியாதா? கணக்கில் 36 இலட்சம் இருக்கிறது, 14 வருடச் சேவை, வயது 40.
தனியார் நிறுவன ஊழியர், மட்டக்குளி

நமக்கு இங்கே சொந்த நிதியம் என்ற ஏற்பாடே இல்லை. கொழும்பின் சில பழைய கம்பனிகள் தனியார் சேமலாப நிதி வைத்திருக்கின்றன, அதுவும் டிரஸ்டிகள் நடத்துவது, அங்கத்தவர் தன் பங்கை எடுத்து வீடு வாங்கி விளையாட முடியாது. மற்றவர்களுக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிதான், உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் மத்திய வங்கியிடம் போகிறது.

இருக்கிற வழிகள் இரண்டு. ஒன்று, மீதியில் 75 வீதம் வரை பிணையாகக் காட்டி அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் வீட்டுக் கடன் எடுப்பது. உங்கள் கணக்குக்கு அது 27 இலட்சம். கடன் கொடுப்பது வங்கி, ஈ.பி.எஃப். இல்லை, வட்டி வங்கி வட்டி. நீங்கள் கட்டாவிட்டால் உங்கள் மீதியிலிருந்து வங்கிக்குப் போகும். அவுஸ்திரேலியாவில் வங்கி வீட்டைப் பிடித்துக்கொண்டு நிதியத்தை விட வேண்டும், இங்கே நேரே நிதியில்தான் கை. மாறும் வட்டியில் எடுப்பதானால் 2022 ஏப்ரலை மறக்க வேண்டாம், அன்று மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி ஏற்றியது.

மற்றது, 30 வீதம் முன்கூட்டியே எடுப்பது. பத்து வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 இலட்சம் மீதியும் வேண்டும், ஆகக் கூடியது 20 இலட்சம், வீட்டுத் தேவைக்கு அல்லது வைத்தியத்துக்கு. உங்களுக்கு 10 இலட்சத்து 80 ஆயிரம் வரும். இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, அதனால்தான் ஆட்கள் இலேசாக எடுத்துவிடுகிறார்கள். 2024 க்கு ஈ.பி.எஃப். கொடுத்தது 11 வீதம், 2023 க்கு 13. எதிர்காலத்துக்கு வெறும் 9 வீதம் என்று பிடித்தாலும் இன்று எடுக்கிற அந்தப் பணம் நீங்கள் 55 ஐத் தொடும்போது 39 இலட்சமாக நின்றிருக்கும். வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு இந்தப் பணத்தை எடுக்க நான் சொல்ல மாட்டேன். குடியிருக்க ஒரு வீடு, அல்லது வட்டி கழுத்தை நெரிக்கிற பழைய வீட்டுக் கடனை அடைப்பது என்றால் எடுக்கலாம்.

எடுப்பதென்று முடிவானால் நாரஹேன்பிட்டத் தொழில் திணைக்களத்துக்குப் போவதற்கு முன் பி கார்டையும் (ஈ.பி.எஃப். அங்கத்தவர் அட்டை) அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம்முடைய ஆட்களின் பெயர் சிங்களத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, தகப்பன் பெயர் முன்னே ஒன்றில் பின்னே ஒன்றில் என்று கிடக்கும். வித்தியாசம் இருந்தால் முதலில் வேலை செய்கிற இடத்தில் சொல்லித் திருத்திக்கொண்டு அப்புறம் விண்ணப்பத்தைக் கொடுங்கள்.